தறிக்குழியில் வந்த காய்ச்சல்

போன மாதம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருவுக்கு மருந்தடிக்க வந்தார்கள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆட்கள், கூடவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். வீட்டுச் சுவர் முழுவதும் அடித்துவிட்டு, கதவோரம் தேதியை எழுதினார்கள். நான் ஹெல்த் விசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் கிளம்புகிற சமயத்தில் திரும்பி, "இந்த மருந்தெல்லாம் வர்றதுக்கு முந்தி காய்ச்சல எப்படிங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டாள்.

"பானையக் கழுவித்தான்" என்றேன்.

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். வேடிக்கை இல்லை. ஒரு ஊரில் ஒரு தெருவையே முடக்கிப் போட்ட காய்ச்சலை நாங்கள் பானையைக் கழுவித்தான் நிறுத்தினோம். என் வேலைக்காலத்தில் நான் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

எனக்குச் சொந்த ஊர் பரமத்தி வேலூர். அப்பாவுக்கு ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்கால். எனக்குப் படிப்பு வந்தது என்று எட்டாவது வரை படிக்க வைத்தார். அதற்கப்புறம், பெண்களுக்கு மதராஸில் சுகாதாரப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று எங்கள் டீச்சரம்மா சொன்னபோது, அத்தை ஒரே பிடியாக எதிர்த்தாள். "ஊடு ஊடா நொழஞ்சு அடுத்தவங்க அடுப்படியப் பாக்கறது ஒரு பொழப்பா?" என்றாள். அப்பா, "கொடிக்கால்ல நோவு வந்தா நாம கொடி கொடியாத்தான பாக்கறோம். மனுசருக்கும் அப்படி ஒருத்தர் பாக்க வேண்டாமா?" என்று சொல்லி என்னை ரயில் ஏற்றிவிட்டார்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதிச் சாப்பாடு, குழந்தையை எடை போடும் தராசு, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை மூடாமலே பார்க்கப் பழகியது, இவைதான் நினைவில் நிற்கின்றன. முடித்துவிட்டு வந்ததும் சேலம் ஜில்லாவிலேயே வேலை கிடைத்தது. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். போகிற இடமெல்லாம் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் மேலதிகாரி டாக்டர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒல்லியான உயரமான மனிதர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஷூவைக் கழற்றுவார். கயிறு கட்டுகிற ஷூ. அவிழ்த்து முடிக்க நேரமாகும். எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ரங்கசாமி ஒரு நாள் பொறுக்க முடியாமல், "செருப்பு வாங்கிக்கிட்டா சுலபமா இருக்குமே சார்" என்றார். அதற்கு டாக்டர், "நான் கயிறு அவிழ்க்கிற நேரத்துல வீட்டுக்காரங்க என்னை நல்லாப் பார்த்துக்கிடட்டும். பார்த்த ஆளை உள்ள விடறது அவங்களுக்கும் சுலபம்" என்றார்.

அவரிடம் இன்னொரு வழக்கம். நாம் எதைச் சொன்னாலும், "பார்த்ததா, கேட்டதா?" என்று கேட்பார். 'அந்தத் தெருவில் காய்ச்சல் அதிகம் சார்' என்றால் போதாது. பார்த்ததா, கேட்டதா? கேட்டது என்றால் கோபப்பட மாட்டார். "சரி, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்தே நான் வெயிலில் நடக்கப் பழகினேன்.

மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. ஒரு சித்திரையில் ஜலகண்டாபுரம் பக்கம் காய்ச்சல் என்று தகவல் வந்தது. நெசவாளர்கள் இருக்கிற ஒரு நீளமான தெரு. முகூர்த்தக் காலத்துக்கு வேட்டியும் சேலையும் நெய்து கொடுக்க வேண்டிய நேரம். நான் முதல் தடவை போனபோது காலையில் பாவடி காலியாகக் கிடந்தது. பாவடி என்றால் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற பொது இடம். விடிந்ததும் குடும்பம் குடும்பமாக அங்கே நிற்பார்கள். அன்று இரண்டு நாய்கள் படுத்திருந்தன. தெருவில் தறிச் சத்தமே இல்லை. நெசவுத் தெருவில் சத்தம் இல்லையென்றால் சாவு விழுந்தது போல இருக்கும்.

காய்ச்சல் திடீரென்று அடிக்கும். தலை பிளக்கும், கண்ணுக்குப் பின்னால் குத்தும், மூட்டுக்கு மூட்டு அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். சில நாளில் விட்டது போல இருந்து, மறுபடி வந்து, உடம்பெல்லாம் சிவந்து போகும். காய்ச்சல் போன பிறகும் வாரக்கணக்கில் கை மடங்காது. முடக்குக் காய்ச்சல் என்று ஊரில் பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர் அதை டெங்கு என்றார். அதில் சாகிறவர்கள் குறைவு. ஆனால் கைதான் சோறு என்று இருக்கிற நெசவாளிக்குக் கை மடங்காவிட்டால் என்ன மிஞ்சும்?

ரங்கசாமி சும்மா இருக்கவில்லை. சாக்கடையெல்லாம் வாரிச் சுண்ணாம்பு போட்டு, தேங்கின இடத்தில் எண்ணெய் ஊற்றியிருந்தார். மலேரியாவாக இருக்கும் என்று யாரோ கொடுத்த கொயினா மாத்திரையையும் ஜனங்கள் கசக்கக் கசக்க விழுங்கியிருந்தார்கள். காய்ச்சல் அசையவில்லை.

டாக்டர் வந்தவுடன் நோயாளிகளைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரி கேட்டார். உங்க வீட்டுல முதல்ல படுத்தது யாரு? என்ன வேலை பார்க்கறாங்க? பகல்ல எங்க உட்காருவாங்க? நானும் ரங்கசாமியும் பின்னாலேயே போனோம். முடித்துவிட்டுப் பாவடியில் ஒரு கல் மேல் உட்கார்ந்தார்.

"என்ன பார்த்தோம்?" என்றார்.

ரங்கசாமி நேர்மையான ஆள். "சாக்கடை ஓரத்து வீடும் படுத்திருக்கு, எட்டத்து வீடும் படுத்திருக்கு சார். வித்தியாசம் தெரியலை" என்றார்.

எனக்கு ஒன்று தோன்றியிருந்தது. "வண்டிக்காரர் வீட்ல அவர் நல்லா இருக்கார் ஐயா, வீட்டுப் பொம்பளைங்கதான் படுத்திருக்காங்க. தறிக்காரங்க வீட்ல முதல்ல படுத்தது ஆம்பளைங்க. பகலெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல வருது."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய், வழக்கம்போல ஷூவைக் கழற்றி, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். நெசவாளி காலைத் தொங்கப்போட்டு மிதி மிதிக்கிற குழி அது. நட்டநடுப் பகலிலும் உள்ளே இருட்டு. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, "யாரும் அசையாதீங்க" என்றார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் மெல்லக் குனிந்து, கெண்டைக்காலின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். கறுப்புக் கொசு. கால்களில் வெள்ளை வெள்ளையாக வரி.

"இது ராத்திரிக் கொசு இல்லை. பகல்ல கடிக்கும். காய்ச்சக்காரரைக் கடிச்சு வாங்கிக்கிடும், கொஞ்ச நாள் உடம்புல வச்சிருந்து அடுத்த ஆளுக்குக் கொடுக்கும். சாக்கடை இதுக்குப் பிடிக்காது. நல்ல தண்ணிதான் வேணும். வீட்டுக்குள்ளயே, நிழல்ல, அசையாம நிக்கிற நல்ல தண்ணி" என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே வேற்று ஆம்பிளைகள் போக முடியாது. "இனி உங்க வேலைதான் அம்மா."

என்னுடைய கருவிகள் மூன்று. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கரண்டி, ஒரு வெள்ளை எனாமல் தட்டு. அடுக்களை இருட்டாக இருக்கும். புழக்கடைக் கதவைத் திறந்து வைத்து, வெயிலைக் கண்ணாடியில் வாங்கிப் பானைக்குள் அடிக்க வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் கொசுப்புழு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் ஒருபக்கமாக நின்று, அசையாமல் காத்திருக்க வேண்டும். அப்புறம் மெல்ல மேலே வரும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. அந்தச் சமயத்தில் கரண்டியில் அள்ளித் தட்டில் ஊற்றினால், வெள்ளைத் தட்டில் துள்ளுவது யாருக்கும் தெரியும். நம் ஊரில் அதைக் கூத்தாடி என்போம். பெயருக்கு ஏற்ற ஆட்டம்தான்.

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தது. குடிதண்ணீர்ப் பானையில், நூல் ஊறவைக்கும் தொட்டியில், எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களுக்குக் கீழே வைத்த கிண்ணத்தில், புழக்கடை ஆட்டுக்கல் குழியில். கண்ணாடியும் கையுமாக நான் போக, பின்னாலேயே ஒரு பெண்கள் கூட்டம்.

தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் பாவாயி என்று ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். அவள் புருஷன்தான் தெருவுக்குப் பெரியதனம், ஆனால் தெரு கேட்பது பாவாயி பேச்சை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க நர்சம்மா, கெணறு எங்க இருக்குதுன்னு தெரியுங்களா? பொழுது விடியறதுக்கு முந்தி போயி, ஊத்துத் தண்ணி ஊற ஊறக் காத்துக் கெடந்து சேந்திக் கொண்டாந்த தண்ணிங்க. கொட்டுங்கறீங்களே, சொல்ற வாய்க்கு வலிக்கலீங்களா?"

அவள் சொன்னது நியாயம். போய் டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "கொட்டாம என்ன செய்யலாம்னு யோசிங்க" என்றார்.

எங்கள் ஊரில் காவிரியில் புது வெள்ளம் வரும்போது தண்ணீர் செம்மண்ணாக இருக்கும். அம்மா வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டித்தான் பானையில் ஊற்றுவாள். அது நினைவுக்கு வந்தது. கொட்டுவானேன், வடிகட்டலாமே? துணிக்கா பஞ்சம் அந்தத் தெருவில்!

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து முறையை வகுத்தோம். தண்ணீரைத் துணியில் வடித்து வேறு பானையில் ஊற்றுவது. காலிப் பானையின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது, முக்கியமாகத் தண்ணீர் நின்ற மட்டத்தில். கொசு முட்டையைத் தண்ணீரில் போடாது, ஈரமான ஓரத்தில் ஒட்டவைக்கும். கரித்தூள் மாதிரி இருக்கும், தண்ணீர் வற்றினாலும் சாகாது. தேய்த்த பானையை வெயிலில் கவிழ்த்துக் காயவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, வாய்க்கு இறுக்கமாகத் துணி வேடு கட்டிவிடுவது. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

சில வீடுகள் ஒப்புக்கொண்டன. பலபேர் பாவாயி வீட்டைப் பார்த்தார்கள். அவள் செய்தால் செய்வோம் என்ற பார்வை. அடுத்த வாரம் நான் அங்கே போனபோது கதவு சாத்தியிருந்தது. நிலையில் வேப்பிலை செருகியிருந்தது.

பாவாயியின் மருமகள் செல்லாயிக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பு சிவந்திருந்தது. நிறைமாதத்தை நெருங்குகிற கர்ப்பிணி. அம்மை கண்டிருக்கிறது, அம்மன் வந்திருக்கிறாள் என்று வீட்டை மூடிவிட்டார்கள். வெளியாள் போகக்கூடாது. அவள் தலைமாட்டில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு ஒரு பெரிய செப்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருப்பதாகவும், அம்மன் இறங்குகிற வரை அதை யாரும் தொடக்கூடாது என்றும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அப்போது எனக்கு இரண்டு பயம். உண்மையிலேயே பெரியம்மையாக இருந்தால் ஊருக்கே ஆபத்து. டெங்குவாக இருந்தால், அந்தச் செப்புப் பாத்திரமே கொசுவுக்குத் தொட்டில்.

டாக்டரிடம் ஓடினேன். "பெரியம்மையா?" என்றார். "கேட்டது ஐயா" என்றேன். "அப்படின்னா பார்க்கணும்" என்றார்.

எப்படிப் பார்ப்பது? பாவாயி வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கிணறு, பேருக்குக் கொஞ்சம் உப்புத் தண்ணீர், குடிக்க ஆகாது. அங்கே போய் இரண்டு வாளி இறைத்து, கட்டின சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். செருப்பில்லாமல், ஈரம் சொட்டச் சொட்ட, கையில் ஒரு கொத்து வேப்பிலையோடு அவள் வாசலில் போய் நின்றேன். அம்மை கண்ட வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று எங்கள் ஊரிலும் தெரியும்.

கதவைத் திறந்த பாவாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, நான் அம்மனப் பாக்க வந்திருக்கறன். மருந்து, ஊசி ஒண்ணும் கொண்டாரல" என்றேன்.

"வா சாமி" என்று மெல்லச் சொல்லி வழிவிட்டாள்.

டாக்டர் உள்ளே வர முடியாது. தெருப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே, வெயிலில், ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்து நான் சொல்ல, வெளியே இருந்து அவர் கேட்க, அப்படித்தான் அந்த நோயாளியைப் பார்த்தோம்.

"முகத்துல கொப்புளம் உண்டா?"

"இல்லைங்க ஐயா. தடிப்பாகூட இல்லை. நெஞ்சு, முதுகு, கையெல்லாம் சிவப்பா பரவியிருக்கு."

"விரலால அழுத்துங்க."

அழுத்தினேன். சிவப்பு மறைந்து வெளுத்து, விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது. சொன்னேன்.

"உள்ளங்கை, பாதம்? கெட்டியா, பயறு மாதிரி தட்டுப்படுதா?"

"இல்லைங்க. எல்லாம் வழுவழுன்னு இருக்கு."

"கேட்டதா?"

"பார்த்தது ஐயா. கையால தொட்டுப் பார்த்தது."

வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. பெரியம்மை இல்லை.

ஆனால் அவள் நிலைமை எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது, நல்லதுதானே என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். கை கால் சில்லென்று இருந்தது. நாடி நூல் போல ஓடியது. ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. எதைக் கொடுத்தாலும் வாந்தி என்பதால் முந்தின நாளிலிருந்து எதுவுமே கொடுக்கவில்லை. சிறுநீர் போனது எப்போது என்று பாவாயியைக் கேட்டேன். யோசித்துப் பார்த்து, தெரியவில்லை என்றாள்.

டாக்டரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரு மந்திரம் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "வடிச்ச கஞ்சித் தண்ணி. உப்பு, கொஞ்சம் கருப்பட்டி. ஒரு கரண்டி வாயில விடுங்க. அது உள்ள தங்குதான்னு பாருங்க. தங்கினா அடுத்த கரண்டி. வாந்தி எடுத்தா, பொறுத்து, மறுபடி ஒரு கரண்டி. அவசரப்பட்டா தோத்திருவோம். நிறுத்தினாலும் தோத்திருவோம்."

நெசவுத் தெருவில் கஞ்சிக்குக் குறைவா? பாவுக்குப் போடுகிற கஞ்சி வேறு, இது வேறு என்று பாவாயிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரிசியை வறுத்துக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். காலையில் ஆரம்பித்தோம். முதல் கரண்டி வெளியே வந்தது. இரண்டாவதும். மூன்றாவது நின்றது. செல்லாயியின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக, பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். "வயித்துல இருக்கறதுக்கும் தாகமா இருக்குமில்ல, கொஞ்சம் குடி" என்று சொன்னால் கண்ணைத் திறக்காமலேயே வாயைத் திறப்பாள்.

அவளைக் கொசு கடிக்கக் கூடாது, கடித்தால் அது ஊருக்குக் கொண்டுபோகும் என்று டாக்டர் சொன்னார். வலை ஏது? செல்லாயியின் புருஷன் அப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்தவன். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. அவன் தறியில் போய் உட்கார்ந்தான். பலகையை வழக்கம்போல இறுக்கி அடிக்காமல், தொட்டும் தொடாமலும் தட்டி, சல்லடை போல மெல்லிசாக நெய்ய ஆரம்பித்தான். ஒவ்வொரு தட்டுக்கும் வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பல நாளாகச் சத்தமில்லாமல் கிடந்த தெருவில் அந்த ஒரு தறி மட்டும் மெதுவாக ஓடியது. ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள்.

சாயங்காலம் செல்லாயி, "அத்தை, வெளிய போகணும்" என்றாள். சிறுநீர் போனாள். நான் ஜன்னலுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அதைப் போய் அத்தனை சந்தோஷமாக ஒரு அதிகாரியிடம் சொன்னவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டாக்டர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். வெயிலில் முகம் கருகியிருந்தது. காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அவர் நகரவே இல்லை.

இனி அந்தச் செப்புப் பாத்திரம். இரண்டாம் நாள், செல்லாயி எழுந்து சாய்ந்து உட்கார்ந்த பிறகு, நான் பாவாயியிடம் பேச்செடுத்தேன்.

"அக்கா, கோயில்ல அம்மனுக்கு நேத்து வச்ச தண்ணிய இன்னிக்கு அபிசேகத்துக்கு எடுப்பாங்களா?"

"அதெப்படிங்க? புதுத் தண்ணி சேந்தித்தான் வைப்பாங்க."

"அப்ப ஊட்டுக்கு வந்த அம்மனுக்கு மட்டும் ஏன் பழைய தண்ணி?"

நான் ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் வாங்கிப் பாத்திரத்துக்குள் அடித்தேன். "நீங்களே பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தாள். வேப்பிலைக்கு நடுவே கூத்தாடிகள் ஆடிக்கொண்டிருந்தன. நிமிர்ந்தவள் முகத்தில் கோபம். என் மேல் இல்லை.

"அம்மனுக்கு வச்ச தண்ணியில இதுங்க எங்கிருந்துங்க வந்துச்சு?"

"இருங்க, அதையும் பாத்துப்போடலாம்" என்று, கொஞ்சம் கூத்தாடிகளை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, செல்லாயி புருஷன் நெய்த சல்லாத் துணியை அதன் வாயில் கட்டி, அவள் வீட்டு மாடத்தில் வைத்தேன். தெருப் பெண்கள் தினமும் வந்து எட்டிப் பார்த்தார்கள். சில நாளில் டம்ளருக்குள் வரிக்கால் கொசுக்கள் துணியில் முட்டிக்கொண்டு பறந்தன. பாவாயி டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நம்மள முடக்கிப்போட்டவனுக்கு நாமதானுங்க இத்தன நாளாச் சோறு போட்டு வளத்திருக்கறோம்!"

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பாவாயி தன் வீட்டுப் பானைகளையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து தேய்க்க உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து எதிர் வீடு. தெரு நெடுக நார் தேய்க்கிற சத்தம். பாவு காயவேண்டிய பாவடியில் அன்று பானைகள் கவிழ்ந்து காய்ந்தன. ரங்கசாமி ஆட்டுக்கல் குழிகளையும் எறும்புக் கிண்ணங்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் சாம்பல் போடச் சொல்லி ஒவ்வொரு வீட்டுப் புழக்கடையிலும் தானே குந்தி உட்கார்ந்து காட்டினார். வெயில் சாய்ந்தபோது எல்லாப் பானைக்கும் வேடு கட்டியாயிற்று. நெசவாளிகள் கட்டின வேடு. ஒன்றிலும் சுருக்கம் கிடையாது.

அடுத்த வெள்ளியும் செய்தார்கள், அதற்கடுத்ததும். புதிதாகப் படுப்பவர்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போனார்கள். பாவடியில் ஒரு குடும்பம் நின்றது, பிறகு நாலு, பிறகு இடமில்லை. செல்லாயிக்குக் குறித்த காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. அழுகை தெருமுனை வரை கேட்டது.

மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். வெயில் ஏறினதில் கொசு செத்திருக்கும், காய்ச்சல் தானாகவே ஓய்ந்திருக்கும் என்றார். டாக்டர் வாதாடவில்லை. அவரை வண்டியில் ஏற்றி, கூப்பிடு தூரத்தில் இருந்த இன்னொரு ஊருக்கு அழைத்துப் போனார். அதே வெயில், அதே கிணற்று வறட்சி, அதே நெசவு. நாங்கள் இன்னும் போகாத ஊர். வீட்டுக்கு வீடு ஆட்கள் முடங்கிக் கிடந்தார்கள். பெரிய அதிகாரி இரண்டு மூன்று வாசல்களில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இந்த ஊருக்கு எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஆரம்பிச்சாச்சு" என்றார் டாக்டர்.

உண்மைதான். எங்களுக்கு முன்னாலேயே பாவாயி அங்கே போயிருந்தாள். "எம்பட நாத்தனாவக் குடுத்த ஊருங்க அது. நீங்க மெதுவா வாங்க நர்சம்மா, நான் முன்னால போயி ரெண்டு சத்தம் போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை என்னிடம் வாங்கிக்கொண்டு போனவள். நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு வீட்டுப் புழக்கடையில் நின்று, வெயிலைப் பானைக்குள் அடித்து, "நெழலு உழுவாதபடி நில்லுங்க. மேல வரும், பொறுங்க" என்று பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்தேன், எத்தனையோ நோய். காலராவுக்குக் கிணறு கிணறாக மருந்து போட்டிருக்கிறேன். பெரியம்மைக்குத் தடுப்பூசி குத்தியிருக்கிறேன். டாக்டர் தேவசகாயம் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது என்னிடம் பாராட்டாக எதுவும் சொல்லவில்லை. தனக்குப் பதிலாக வந்தவரிடம், "இந்த அம்மா சொன்னா பார்த்ததுன்னு அர்த்தம்" என்று மட்டும் சொன்னார். நான் வாங்கிய பதக்கம் அதுதான்.

யுத்தம் முடிகிற சமயத்தில் எனக்கு நாமக்கல் பக்கம் மாற்றல் கிடைத்தது. சொந்த ஊரான பரமத்தி வேலூரிலும் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் கொடிக்கால்காரர் ஒருவர் வீட்டில், புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். பானை பார்க்க வேண்டும் என்றேன்.

"பாத்துக்குங்க. ஆனா எங்க ஊட்டுல ஒண்ணும் இருக்காதுங்க" என்று உள்ளே அழைத்துப் போனாள். அடுக்களையில் வரிசையாகப் பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி, தவில் மாதிரி இறுக்கமாக. நான் ஒரு பானையின் துணியை அவிழ்த்துக் கண்ணாடியில் வெளிச்சம் அடித்தேன். நிழல் விழாமல் நின்று பொறுத்துப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. பானையின் அடி பளிச்சென்று தெரிந்தது.

"யாரு கண்ணு உனக்கு இதையெல்லாம் சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

"சொல்லிக்குடுக்க என்னங்க இருக்குது? நான் ஜலகண்டாபுரத்துப் பக்கமுங்க. எங்க ஊர்ல வெள்ளிக்கிழமையானா பானையத் தேச்சு வேடு கட்டிருவோம். பழைய தண்ணி வச்சிருந்தா அம்மனுக்கு ஆகாதுங்க."

"அப்படியா? எப்பத்திலிருந்து?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்திருக்கும். "அது அந்தக் காலத்துல இருந்தே அப்படித்தானுங்களே" என்றாள்.

துணியை அவள் கட்டியிருந்த மாதிரியே சுருக்கமில்லாமல் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனேன்.